கணக்கில் பொருந்தின மூலக்கூறு கண்ணாடியில் மக்கர் பண்ணுது – பெரோவ்ஸ்கைட் சாம் படலம், யோசனை சொல்லுங்க

நாற்றங்கால் (இழை தொடங்கியவர்) | ஞாயிறு இரவு 11.10

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர்ல பிஎச்டி மூணாவது வருஷம். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். எட்டு மாசமா ஒரே மூலக்கூறோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். தமிழ்ல நிதானமா பேசினா ஏதாவது பிடிபடும்னு தோணுச்சு, அதான் இங்கே எழுதறேன்.

இந்தத் துறைக்குப் புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு வரி. பெரோவ்ஸ்கைட்ங்கற படிகப் பொருளை வச்சுச் செய்யற சோலார் செல்லுல வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரானும், அது விட்டுட்டுப் போன காலி இடமான ஹோலும் உண்டாகும். ஹோலை மட்டும் உள்ளே விட்டு எலக்ட்ரானைத் திருப்பி அனுப்ப, ஐடிஓ (மின்சாரம் கடத்தற இன்டியம்-டின் ஆக்சைடு) பூசின கண்ணாடிக்கும் பெரோவ்ஸ்கைட்டுக்கும் நடுவுல ஒரு படலம் வேணும். முன்னாடி அந்த இடத்துல பிடிஏஏ மாதிரி பாலிமர் போட்டாங்க. இப்போ ஒரே ஒரு மூலக்கூறு உயரத்துக்குப் படலம் போடறோம். மூலக்கூறுகளே போய்க் கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு வரிசையா நின்னுடும். அதைத்தான் சாம்னு சொல்றோம். கனம் சுமார் ஒரு நானோமீட்டர்.

என் மூலக்கூறு இப்படி: அடியில பாஸ்போனிக் அமிலம், நடுவுல ஆறு கார்பன் சங்கிலி, உச்சியில கார்பசோல்ங்கற தட்டையான வளையம், அதுக்கு ரெண்டு பக்கமும் டெர்ட்-பியூட்டைல்ங்கற பருமனான கார்பன் கொத்து. நாப்பது வடிவத்தை டிஎஃப்டி-யில (மூலக்கூறோட எலக்ட்ரான் மட்டங்களைக் கணினியில கணக்கிடற முறை) ஓட்டிப் பார்த்து இதைத் தேர்ந்தெடுத்தேன். ஹோமோ மட்டம் (மூலக்கூறுல எலக்ட்ரான் நிறைஞ்சிருக்கற உச்ச மட்டம்) பெரோவ்ஸ்கைட்டோட வேலன்ஸ் பட்டைக்கு 0.1 எலக்ட்ரான் வோல்ட்டுக்குள்ள பொருந்துது. டைபோலும் (மூலக்கூறுக்குள்ள மின்னூட்டம் பிரிஞ்சு நிக்கற அளவு) நல்லா வந்துச்சு. தொகுத்து முடிச்சு என்எம்ஆர் எடுத்தேன், சுத்தமா இருக்கு.

எத்தனால்ல 1 மில்லிமோலார் கரைசல், யுவி-ஓசோன்ல 15 நிமிஷம் வச்ச ஐடிஓ, நிமிஷத்துக்கு 3000 சுத்து, 30 விநாடி, ஹாட் பிளேட்ல 100 டிகிரி, 10 நிமிஷம். எல்லாம் எல்லாரும் செய்யற மாதிரிதான். அதுக்கு மேல பெரோவ்ஸ்கைட் மையை (கரைப்பான்: டிஎம்எஃப் நாலு பங்கு, டிஎம்எஸ்ஓ ஒரு பங்கு) விட்டா, சேப்பங்கிழங்கு இலையில தண்ணி விட்ட மாதிரி முத்தா உருண்டு ஓரத்துக்கு ஓடிடுது. சுத்தி முடிச்சுப் பார்த்தா மூலையில பழுப்பா ஒரு திட்டு, நடுவுல வெறும் கண்ணாடி.

மூலக்கூறுல எந்த இடத்துல கை வைக்கணும்?


மழைத்தூறல் | ஞாயிறு இரவு 11.32

ஆறு கார்பன், அதுக்கு மேல ரெண்டு டெர்ட்-பியூட்டைல். நீங்க கண்ணாடிக்கு மெழுகு பூசியிருக்கீங்க தம்பி. நாலு கார்பனும் ரெண்டு மெத்திலும் இருக்கற மீ-4பேக்-இசட்ங்கற சாம் மூலக்கூறுக்கே மை ஒட்டாத தொல்லை உண்டு. உங்களுது அதைவிட ஒரு படி மேல.


கணக்கன் | திங்கள் காலை 7.05

மூலக்கூறை மாத்த அவசரப்படாதீங்க. ஹோமோ பொருந்துதுன்னா பாதிக் கிணறு தாண்டியாச்சு. மை ஒட்டாதது செய்முறைக் கோளாறு. அலுமினா நானோத்துகளை மெல்லிசா ஒரு தடவை தூவி விட்டா மை பரவும், பல குழுக்கள் அப்படித்தான் செய்யறாங்க. நாப்பது வடிவத்துல தேடி எடுத்ததை ஒரு சொட்டு உருண்டதுக்காகத் தூக்கிப் போடணுமா?


வேதிக்குடுவை | திங்கள் மதியம் 1.40

கணக்கன், பாதிக் கிணறு தாண்டறதுல எனக்கு நம்பிக்கை இல்லை.

நான் தொகுப்பு வேதியியல், பதினோரு வருஷமா இதே வேலை. பீன்யா பக்கம் இருக்கேன். கொஞ்சம் விவரமா எழுதறேன், ஏன்னா இந்த இடத்துல தடுக்கி விழற நாலாவது ஆள் இந்தத் தம்பி.

முதல்ல இந்த வழி எப்படி வந்துச்சுன்னு பாருங்க. 2018-ல லிதுவேனியாவில் இருக்கற கவுனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல கெட்டாவ்டிஸ் குழுவும், பெர்லின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மையத்துல ஆல்பிரெக்ட் குழுவும் சேர்ந்து வி1036-னு ஒரு மூலக்கூறை வெளியிட்டாங்க. பாஸ்போனிக் அமிலம் கட்டின கார்பசோல்தான். தலை ரொம்பப் பெருசு. செல் வேலை செஞ்சுது, ஆனா பாலிமரை மிஞ்சலை. அடுத்த வருஷமே அவங்க செஞ்சது தலையைச் சுருக்கினது. வெறும் கார்பசோல், ரெண்டு கார்பன், பாஸ்போனிக் அமிலம். அதுதான் 2பேக்-இசட். மூலக்கூறு எடை 275 மட்டும்தான். கல்லூரி ஆய்வகத்துலயே செய்யக்கூடிய பொருள். அது பாலிமரை மிஞ்சுச்சு. 2020-ல மீ-4பேக்-இசட்டை வச்சு சிலிக்கானோட சேர்த்து அடுக்கின செல்லுல 29.15 சதவீதம் எடுத்தாங்க. இன்னைக்கு அந்த வகை அடுக்குச் செல்கள் 34-ஐத் தாண்டியாச்சு. 2009-ல மியாசாகா குழு இந்தப் பொருளை முதல்முதலா செல்லுல வச்சப்போ 3.8 சதவீதம்.

இதுல நான் பார்க்கறது ஒண்ணுதான். முன்னேறினது தலையைப் பெருசாக்கினப்போ இல்லை, சின்னதாக்கினப்போ. நெருக்கமா நிக்க முடிஞ்ச மூலக்கூறு ஜெயிச்சுது.

இப்போ உங்க மூலக்கூறு. மூணு பகுதி இருக்கு. அடியில வேர். பாஸ்போனிக் அமிலத்தோட ஓஹெச், ஐடிஓ மேல இருக்கற ஓஹெச்-சோட சேர்ந்து தண்ணியை வெளியே தள்ளிட்டு ஆக்சிஜன் வழியா இன்டியத்தைப் பிடிக்குது. நீங்க 100 டிகிரில வைக்கறது அந்தத் தண்ணி போறதுக்காகத்தான். கண்ணாடி மேல ஓஹெச் இல்லாத இடத்துல வேர் பிடிக்காது. நடுவுல தண்டு. நீளமா இருந்தா பக்கத்துத் தண்டோட ஒட்டிக்கிட்டு நேரா நிக்கும், ஆனா அது மின்கடத்தி இல்லை, நீளம் கூடக்கூட ஹோல் தாண்டிப் போறது கஷ்டம். மேல தலை. பெரோவ்ஸ்கைட் பார்க்கறது தலையை மட்டும்தான். மை உட்காரணுமா ஓடணுமான்னு முடிவு பண்றதும் தலைதான்.

நீங்க தலையை டிஎஃப்டி-க்காக வடிவமைச்சிருக்கீங்க, மைக்காக இல்லை. டெர்ட்-பியூட்டைல் குடை மாதிரி விரிஞ்சு நிக்கும். குடை பிடிச்ச நாலு பேர் ஒரே பஸ் ஸ்டாப்ல நிக்கற மாதிரி, கால் எல்லாம் தள்ளித் தள்ளி இருக்கும். காலுக்கு நடுவுல வெறும் ஐடிஓ. அந்த இடத்துல பெரோவ்ஸ்கைட் நேரா ஐடிஓவைத் தொட்டா எலக்ட்ரானும் ஹோலும் அங்கேயே சேர்ந்து வீணாகும்.


மின்கம்பி | திங்கள் மாலை 6.15

மன்னிக்கணும், நான் ஆராய்ச்சி ஆள் இல்லை. ஒசூர் ரோடு பக்கம் வீட்டு மாடிகள்ல சோலார் பேனல் மாட்டற வேலை. இதை விடாம படிச்சுக்கிட்டு வர்றேன். ஒரு சந்தேகம். ஒரு மூலக்கூறு உயரம்னா, ஒரு பேனலுக்கு இந்தப் பொருள் எவ்வளவு ஆகும்? விலை தாங்குமா?


வேதிக்குடுவை | திங்கள் இரவு 9.20

மின்கம்பி சார், நல்ல கேள்வி. கணக்கே போட்டுடலாம்.

ஒரு சதுர நானோமீட்டருக்கு ரெண்டு மூலக்கூறு நிக்குதுன்னு வைங்க. ஒரு சதுர மீட்டருக்கு 2-க்குப் பின்னாடி 18 சைபர். 2பேக்-இசட்டா இருந்தா அதோட எடை ஒரு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் கம்மி. ஒரு கிராம் பொருளை ஒண்ணு விடாம கண்ணாடியில சேர்த்துட்டா ஆயிரம் சதுர மீட்டருக்கு வரும். அதே பேனல்ல பெரோவ்ஸ்கைட் படலம் அரை மைக்ரான்னு வச்சாலும் அதுவே ரெண்டு கிராம் கிட்ட, அதுல ஈயம் மட்டும் ஏறக்குறைய முக்கால் கிராம். அதனால விலையைத் தீர்மானிக்கப் போறது சாம் இல்லை.

ஆய்வகத்துல நாங்க வீணாக்கறது வேற கதை. இரண்டரை சென்டிமீட்டர் சதுரக் கண்ணாடிக்கு 100 மைக்ரோலிட்டர் விடறோம். அதுல இருக்கற மூலக்கூறு தேவைக்குக் கிட்டத்தட்ட அம்பது மடங்கு. பெரும்பகுதி சுத்தறப்போ தெறிச்சுப் போயிடும். மிச்சம்?

மிச்சம் எங்கே போகுதுன்னு தம்பியைக் கேக்கறேன். சூடு பண்ணினப்புறம் எத்தனால்ல கழுவினீங்களா?


நாற்றங்கால் | திங்கள் இரவு 9.41

கழுவலை அக்கா. கழுவினா இருக்கறதும் போயிடுமோன்னு பயம்.


அல்சூர்வாசி | செவ்வாய் காலை 5.50

தம்பிக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்றவன். பரப்பு வேதியியலில் முப்பத்து நான்கு ஆண்டுகள். அல்சூர் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்து உங்கள் இழையைப் படித்தேன். எட்டு மாதமாக உழைக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஒரு பைசா செலவில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன்.

சாம் போட்ட கண்ணாடி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். அதில் பிறகு செல் செய்யக் கூடாது. குளிர்ந்த அந்தக் கண்ணாடியை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்து, வாயை நன்றாகத் திறந்து, ஹா என்று ஒரு முறை மூச்சு விடுங்கள். மூச்சின் ஈரம் கண்ணாடியில் படியும். மூலக்கூறு மூடிய இடத்தில் ஈரம் நுண்துளிகளாகி வெண்மையாகத் தெரியும். மூடாத இடத்தில் ஈரம் படலமாக விரிந்துவிடும், அங்கே கண்ணாடி தெளிவாகவே இருக்கும். மூன்று நான்கு விநாடிதான் நிற்கும். அதற்குள் பார்த்துவிட வேண்டும். முதலில் வெறும் ஐடிஓவில் ஊதிக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் ஐடிஓ என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகு ஊதுங்கள். பின்பக்கத்தில் ஊதிவிட்டு அரைநாள் குழம்பிய மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. கார்பசோல் போன்ற தட்டையான வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளப் பிரியப்படும். இந்த ஊருக்கும் அந்தக் குணத்துக்கும் பழைய உறவு உண்டு. 1977-இல் இங்கே ராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகரும் உடன் பணியாற்றியவர்களும் வட்டத்தட்டு வடிவ மூலக்கூறுகள் காசு அடுக்கியதுபோல் தூண்களாக நிற்கும் திரவப் படிகத்தைக் கண்டறிந்தார்கள். அங்கே அந்த அடுக்கல் வரம். உங்கள் குடுவையில் அதுவே தொல்லை. தலையில் எண்ணெய்க் குணம், வேரில் நீர்க் குணம். சோப்பு போன்ற பொருள். எத்தனாலில் இருக்கும்போதே தலையோடு தலை சேர்ந்து உருண்டை உருண்டையாகத் திரண்டுவிடும். பிறகு கண்ணாடியில் இறங்குவது தனித்தனி நாற்று அல்ல, முடிச்சவிழ்க்காத நாற்று முடி. முடியை அப்படியே வயலில் வீசினால் நடவு ஆகுமா?

மன்னார்குடிக்காரர் என்றீர்கள். நடவு பார்த்திருப்பீர்கள். ஒரு நாற்று எவ்வளவு நல்லது என்பதை மட்டும் பார்த்து வயலின் விளைச்சலைச் சொல்ல முடியாது.


நாற்றங்கால் | செவ்வாய் இரவு 10.25

ஐயா, ஊதிப் பார்த்தேன்.

எட்டுக் கண்ணாடி. மஞ்சள் விளக்கு அறையில சரியாத் தெரியலை, வெளியே வராண்டாவுக்கு எடுத்துட்டு வந்து டியூப்லைட்டுக்கு நேரா பிடிச்சேன். வெறும் ஐடிஓவுல ஊதினா முழுசும் தெளிவா இருந்துச்சு. சாம் போட்டதுல வெண்மை வந்துச்சு, ஆனா ஒரே சீரா இல்லை. நடுவுல இருந்து ஓரத்துக்கு வால்நட்சத்திரம் மாதிரி கோடுகள். ஒவ்வொரு கோட்டோட தலையிலயும் ஒரு புள்ளி. கோட்டுக்கு நடுவுல ஊசிக் கண் அளவு தெளிஞ்ச இடங்கள், எண்ண முடியாத அளவுக்கு.

அப்புறம் ரெண்டு கண்ணாடியை எத்தனால்ல கழுவி மறுபடி ஊதினேன். வால்நட்சத்திரக் கோடு போயிடுச்சு. ஊசிக் கண் போகலை.

எட்டு மாசத்துல என் படலத்தை நான் கண்ணால பார்த்தது இன்னைக்குத்தான். ரொம்ப நன்றி ஐயா.


மழைத்தூறல் | செவ்வாய் இரவு 10.48

கோடு – திரண்ட உருண்டை. ஊசிக் கண் – குடைக்கு நடுவுல இருக்கற இடைவெளி சேர்ந்து பெருசான இடமா இருக்கலாம், இல்லை ஓஹெச் இல்லாத இடமா இருக்கலாம். ரெண்டும் வேற வேற வியாதி. ஒரே மருந்து கொடுக்காதீங்க.

எத்தனால் பாட்டில் எப்போ திறந்தது?


நாற்றங்கால் | செவ்வாய் இரவு 10.55

ஜூன் மாசம்.


மழைத்தூறல் | செவ்வாய் இரவு 11.30

அங்கேதான் இருக்கு. நான் முன்னாடி இருந்த இடத்துல (பேர் வேண்டாம்) மழைக்காலம் முழுக்க செல் ஒண்ணும் தேறாது, ஜனவரி ஆனா தானா சரியாகும். மூணு வருஷம் இப்படியே ஓடுச்சு. ஒவ்வொரு வருஷமும் புதுசா வந்த பையனைக் கை சுத்தமில்லைன்னு திட்டினாங்க. நானும் திட்டு வாங்கினவன்தான், அது இன்னும் மனசுல இருக்கு. கடைசில பார்த்தா குளோவ்பாக்ஸுக்கு (ஈரமும் காத்தும் புகாத பெட்டி) வெளியே வச்சிருந்த எத்தனால் காத்துல இருந்து ஈரத்தைக் குடிச்சிருக்கு. இந்த மாதிரி சோப்புக் குணமுள்ள மூலக்கூறுக்குக் கரைப்பான்ல கொஞ்சம் தண்ணி சேர்ந்தா போதும், திரள ஆரம்பிச்சிடும்.

புது பாட்டில் உடைங்க. சின்னச் சின்னக் குப்பியில பிரிச்சு உள்ளே வைங்க. கரைசலை அன்னன்னைக்குக் கலக்குங்க, வாரக்கணக்கில வச்சு ஓட்டாதீங்க. விடறதுக்கு முன்னாடி சோனிகேட்டர்ல 15 நிமிஷம். எத்தனாலோட கொஞ்சம் டிஎம்எஃப் சேர்த்தாலும் உருண்டை உடையும்.


கணக்கன் | புதன் காலை 8.10

நான் முன்னாடி சொன்னதுல ஒரு திருத்தம். ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

தனி மூலக்கூறோட டைபோலை வச்சு ஐடிஓவோட வேலைச்சார்பு (அதுல இருந்து எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல்) இவ்வளவு நகரும்னு சொல்றது தப்பு. நகர்வு நாலு விஷயத்தைப் பொறுத்தது: டைபோல், பரப்புல எத்தனை மூலக்கூறு, எவ்வளவு சாய்ஞ்சு நிக்குது, படலத்தோட மின்காப்பு மாறிலி. ஒரு டிபை டைபோல், சதுர நானோமீட்டருக்கு ரெண்டு மூலக்கூறு, எல்லாம் நெட்டுக்குத்தா நின்னா 0.75 வோல்ட் வருது. மாறிலி 2.5-னு எடுத்தா அது 0.3-க்கு இறங்கிடும். 60 டிகிரி சாய்ஞ்சா அதுலயும் பாதி. குடைத் தலையால சதுர நானோமீட்டருக்கு ஒண்ணுதான் நிக்குதுன்னா இன்னொரு பாதி. கடைசில 0.08 கிட்டத்தான் நிக்குது. நாற்றங்கால் நாப்பது வடிவத்தையும் தனித்தனியா வெற்றிடத்துல வச்சுத்தானே கணக்குப் பண்ணினார்? 0.1 எலக்ட்ரான் வோல்ட்டுக்குத் தேடித் தேடிப் பொருத்தினதை விட, நெருக்கத்துல வர்ற வித்தியாசம் பெருசு.

இனிமே வரிசை போடறப்போ ஒரு மூலக்கூறு எடுத்துக்கற இடத்தை முதல் நிபந்தனையா வைக்கணும். ஹோமோவை அடுத்துப் பார்த்துக்கலாம். நாங்க கணக்குப் போடறவங்க இதைச் சரியாச் சொல்லித் தர்றதில்லை.


வேதிக்குடுவை | புதன் மதியம் 2.05

கணக்கன், மனசார நன்றி. இதை யாராவது எண்ணோட சொல்ல மாட்டாங்களான்னு ரொம்ப நாளா இருந்தேன்.

தம்பிக்கு இந்த வாரத்துக்கு ஒரு வேலை சொல்றேன்.

கையில இருக்கற மூலக்கூறை வீணாக்க வேண்டாம். இடைவெளியில ஒல்லியான நாற்று வைங்க. ரெண்டு முனையிலயும் பாஸ்போனிக் அமிலம் இருக்கற ஆறு கார்பன் மூலக்கூறு கடையிலயே கிடைக்கும். மீ-4பேக்-இசட்டோட அதைக் கலந்து மை ஒட்டாத தொல்லையைப் பெர்லின் குழு 2023-ல தீர்த்துக் காட்டினாங்க. ஒரு முனை கண்ணாடியைப் பிடிக்கும், இன்னொரு முனை மேல நீட்டிக்கிட்டு மையை வா வான்னு கூப்பிடும். ஆனா அதுக்குக் கார்பசோல் இல்லை, ஹோலைக் கடத்தாது. கூடப் போட்டா வயல் முழுக்கக் களைதான். அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போகாதீங்க.

ஐடிஓ மேல ஓஹெச் போதலைன்னா நிக்கல் ஆக்சைடு ஒரு மெல்லிசுப் படலம் போட்டு அதுக்கு மேல சாம் போடலாம். இப்போ பல குழுக்கள் அப்படித்தான். வேர் பிடிக்க இடம் கூட. ஆனா இப்பவே அதுக்குப் போகாதீங்க. ஒரே நேரத்துல ரெண்டை மாத்தினா எதனால சரியாச்சுன்னு தெரியாது.

முழு செல் செஞ்சு நேரத்தைப் போக்கவும் வேண்டாம். ஐடிஓ, சாம், பெரோவ்ஸ்கைட் – இதோட நிறுத்திட்டு, ஒளிர்தலை அளந்து பாருங்க. சந்திப்புல வீணாகறது கூடினா ஒளிர்தல் மங்கும். வெள்ளி பூசற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.


மின்கம்பி | புதன் மாலை 7.30

நான் பாவகடா சோலார் பூங்காவுல ரெண்டு வருஷம் வேலை பார்த்திருக்கேன். 2,050 மெகாவாட், 13,000 ஏக்கர். ஏப்ரல் மாசம் பேனல் பின்பக்கம் கை வைக்க முடியாது. அங்கே 25 வருஷம் நிக்கணும்னா இந்த ஒரு நானோமீட்டர் படலம் தாங்குமா? இதைக் கேக்காம இருக்க முடியலை, ஏன்னா வாடிக்கையாளர் என்னைத்தான் கேப்பாங்க.


அல்சூர்வாசி | புதன் இரவு 8.45

கேட்க வேண்டிய கேள்விதான். சந்தைக்கு வரும் பேனல் 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதத்தில் 1000 மணி நேரம் நிற்க வேண்டும். மைனஸ் 40-இலிருந்து 85 டிகிரிவரை 200 முறை குளிர்ந்து சூடாக வேண்டும். சிலிக்கான் இதைத் தாண்டி வந்தது. பெரோவ்ஸ்கைட்டும் தாண்டித்தான் ஆக வேண்டும்.

சாம் படலத்தில் பயம் வேரில்தான். தண்ணீரை வெளியே தள்ளிப் பிணைப்பு உண்டானது என்று வேதிக்குடுவை அம்மா எழுதினார். ஈரம் உள்ளே புகுந்தால் அதே வினை பின்னோக்கியும் நடக்கும். மையில் உள்ள டிஎம்எஃப்பும் பிடிப்பில்லாத மூலக்கூறுகளைக் கரைத்து எடுத்துவிடும். ஆகவே வேரை வலுவாக்கும் முயற்சி உலகெங்கும் நடக்கிறது. ஒரு மூலக்கூறுக்கு இரண்டு பாஸ்போனிக் வேர் வைக்கிறார்கள். பாஸ்போனிக் அமிலத்தோடு சயனோ தொகுதியைச் சேர்த்து நீரோடு நன்றாக இணங்கும் வேரைச் சீனக் குழு ஒன்று 2023-இல் கொண்டுவந்தது. அந்த வேரால் மையும் நன்றாகப் பரவுகிறது. தலையை மாற்றாமல் வேரால் மையைப் பரப்பிய அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

கழன்ற மூலக்கூறு எல்லாம் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. சாம் மூலக்கூறை மையிலேயே கலந்து ஊற்றினால், பெரோவ்ஸ்கைட் படிகமாகும்போதே அது கீழே இறங்கிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது என்றும் காட்டியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒரு பூச்சு வேலை மிச்சம். பெரிய பேனலுக்கு அது பெரிய மிச்சம்.


மழைத்தூறல் | புதன் இரவு 9.10

சிலிக்கான் மேல அடுக்கறதுல சாமுக்கு இன்னொரு வசதி. சிலிக்கான் மேல பிரமிடு பிரமிடா மேடு பள்ளம் இருக்கும். பாலிமர் கரைசல் பள்ளத்துல தேங்கி மேட்டுல வழுக்கிடும். சாம் மேட்டுலயும் ஒரே உயரம், பள்ளத்துலயும் ஒரே உயரம், வேர் பிடிச்சா போதும்.


நாற்றங்கால் | ஞாயிறு இரவு 9.15

நாலு நாள் கழிச்சு வர்றேன். ஒண்ணொண்ணாத்தான் மாத்தினேன்.

புது எத்தனால், அன்னைக்கே கலக்கின கரைசல், சோனிகேட்டர்: ஊதினா கோடு இல்லை. ஊசிக் கண் குறைஞ்சிருக்கு, இருக்கு. மை இன்னும் உருளுது, ஆனா முந்தி மாதிரி ஓடலை, தயங்கித் தயங்கி நகருது.

அதுக்கப்புறம் டைபாஸ்போனிக் அமிலம், பத்துல ஒரு பங்கு. மை நடுவுல உட்கார்ந்துச்சு. ஓரம் மட்டும் சுருங்கினது. அஞ்சுல ஒரு பங்கு போட்டேன். அதுக்கு முன்னாடி ஒரு கண்ணாடியில ஊதிப் பார்த்தேன், ஊசிக் கண் ஒண்ணுகூடத் தெரியலை, முழுசும் ஒரே மென்மையான வெண்மை. மையை விட்டேன். விட்ட இடத்துல இருந்து நாலு மூலைக்கும் தானா நடந்து போச்சு. சுத்த விட்டு ஆன்டிசால்வென்ட் (படிகமாகத் தூண்டற கரைப்பான்) ஊத்தினதும் வெளிர்மஞ்சள் தெரிஞ்சு, ஹாட் பிளேட்ல வச்ச நொடியில மூலையில இருந்து மூலைக்குக் கருத்துக்கிட்டே போச்சு. முகம் பார்க்கலாம் போல இருந்துச்சு. பன்னெண்டு கண்ணாடியில பதினொண்ணு இப்படி வந்துச்சு.

ஆனா ஒளிர்தல் அளந்தப்போ, கூட நின்ன 2பேக்-இசட் கண்ணாடியைவிட என்னோடது மங்கல்தான். மை பரவிடுச்சு, சந்திப்பு இன்னும் நல்லா இல்லை. கணக்கன் சொன்னது சரி. என் மூலக்கூறு இடத்தை அடைச்சுக்குது.


வேதிக்குடுவை | ஞாயிறு இரவு 9.50

பன்னெண்டுல பதினொண்ணு! படிச்சதும் எழுந்து நின்னுட்டேன் தம்பி.

மங்கலா வந்ததுக்கு வருத்தப்படாதீங்க. இப்போதான் உங்க மூலக்கூறு உங்களோட பேச ஆரம்பிச்சிருக்கு. அடுத்த வடிவம் என்ன யோசிக்கறீங்க?


நாற்றங்கால் | ஞாயிறு இரவு 10.40

அக்கா, சங்கிலியை நாலா குறைக்கறேன். டெர்ட்-பியூட்டைல் ரெண்டையும் எடுத்துடறேன். கார்பசோலுக்கு ஒரு பக்கம் மட்டும் மெத்தாக்ஸி, மறுபக்கம் வெறுமை. மெத்தாக்ஸியில இருக்கற ஆக்சிஜன் பெரோவ்ஸ்கைட்டோட ஈயத்தைப் பிடிச்சுக்கும், மையும் உட்காரும். ரெண்டு பக்கமும் போட்டா மீயோ-2பேக்-இசட் மாதிரி ஹோமோ ரொம்ப மேல ஏறிடும், அதனால ஒரு பக்கம் மட்டும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால கரைசல்ல காசு அடுக்கற மாதிரி அடுக்கவும் முடியாதுன்னு நினைக்கறேன்.


கணக்கன் | ஞாயிறு இரவு 11.05

ஓட்டிப் பார்த்தேன், தனி மூலக்கூறா மட்டும். நீங்க விரும்பின மட்டத்தைவிட ஹோமோ கொஞ்சம் மேலதான் வருது. வோல்டேஜ்ல கொஞ்சம் இழப்பு இருக்கும்னு காகிதத்துல தெரியுது. ஆனா தலை எடுக்கற இடம் நல்லாவே குறையுது. ஒன்பது மூலக்கூறை இன்டியம் ஆக்சைடு பரப்புல பக்கத்துப் பக்கத்துல நிறுத்தி ஓட்டப் போட்டிருக்கேன், மூணு நாள் ஆகும். எண் வந்ததும் இங்கேயே போடறேன்.


அல்சூர்வாசி | திங்கள் காலை 5.45

ஒரு பக்க மெத்தாக்ஸி நல்ல யோசனை. சாய்வு எந்தப் பக்கம் விழும் என்பதைக் கவனியுங்கள். ஆக்சிஜன் மேலே பார்க்க வேண்டும், பக்கவாட்டில் அல்ல. கார்பசோலின் 3-ஆம் இடத்தில் வைப்பதா 2-ஆம் இடத்தில் வைப்பதா என்பதில் அது தீர்மானமாகலாம். இரண்டையும் செய்யுங்கள்.


நாற்றங்கால் | திங்கள் காலை 8.20

ரெண்டையும் செய்யறேன் ஐயா. 3-ஆம் இடத்துக்கான தொடக்கப் பொருள் ஃப்ரிட்ஜ்ல இருக்கு, இன்னைக்கே ஆரம்பிக்கறேன். 2-ஆம் இடத்துக்கு வாங்கணும். புது எத்தனாலைச் சின்னக் குப்பிகள்ல பிரிச்சு, தேதி எழுதி, உள்ளே வச்சாச்சு. வெளியே தூறல் ஆரம்பிச்சிருக்கு.